இரண்டு பெட்டியில் ஒரு டாங்கு

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் போன் செய்தான். நியூசிலாந்தில் அவனுக்கு அப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் அவன் கூப்பிடுவது.

“அம்மாக்க வருஷ ஜெபத்துக்கு நாங்க எல்லாருமா வாறோம், கேட்டியா? பயலுக்கும் லீவுதான். மாடி அறைய ஒதுக்கிப் போடு மக்கா.”

“அங்க ஒனக்க பெட்டி ரெண்டு கிடக்கு.”

“என்ன பெட்டி?”

“டாங்கு செய்யதுக்குள்ள பெட்டி. நீ பம்பாயில இருந்து கொண்டு வந்தது.”

அவன் யோசிப்பது தெரிந்தது. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“ஓ, அதா. சவத்த தூரக் களை. இனி யாரு அத ஒட்டப் போறா?”

சரி என்றேன். வேறு இரண்டு விஷயம் பேசிவிட்டு வைத்துவிட்டான். சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விளக்குமாறும் சாக்குமாக மாடிக்குப் போனேன்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். கல்யாணத்துக்கு முன்னால் பம்பாயில் வேலை பார்த்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு பெட்டி கொண்டு வருவான். பெட்டி மேல் போர்க்களத்தில் ஓடும் டாங்கின் படம் இருக்கும். உள்ளே அந்த டாங்கு முழுவதும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளாக, சட்டங்களில் காய்த்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எழுத்து, ஒரு எண். அண்ணன் பாயை விரித்து, உப்புத்தாளும் கத்தியும் பசையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் லீவு முடிகிறவரை அதே வேலைதான்.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். துண்டு எடுத்துக் கொடுப்பது என் வேலை. “பி பதினேழு” என்பான். நான் சட்டத்தில் தேடிக் கண்டுபிடித்து, நகவெட்டியால் நறுக்கி, “பி பதினேழு” என்று திருப்பிச் சொல்லி அவன் உள்ளங்கையில் வைப்பேன். ஒட்டுவதற்கு ஒரு நாளும் விட்டதில்லை. “ஒனக்க கை ஈரமாக்கும், பசை பிடிக்காது” என்பான். அது உண்மையா என்று நான் யோசித்ததுகூட இல்லை.

செய்து முடித்த நாலு டாங்குகளும் வீட்டில் தங்கவில்லை. ஒரு கிறிஸ்மஸுக்குச் சபை வாலிபர்கள் குடில் கட்டினார்கள். ஏரோது ராஜாவின் சேவகர்களுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்று கேட்டார்கள். அம்மா நாலையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். வைக்கோல், ஒட்டகம், மூன்று சாஸ்திரிகள், அதற்குப் பின்னால் நாலு டாங்கு. ஊர் முழுக்க வந்து பார்த்தது. குடில் பிரித்த பிறகு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அண்ணன் கோபப்படவில்லை, சிரித்தான். அதற்குப் பிறகு கல்யாணம், வெளிநாடு என்று ஆகிப் போனான். தொடங்காமல் விட்டுப்போன பெட்டிகள்தான் இந்த இரண்டும்.

முதல் பெட்டியைத் திறந்தேன். ரஷ்ய டாங்கு, டி-55. கீழ் உடல், சக்கரங்கள், எல்லாம் புதிதுபோல் இருந்தன. மேலே சுழலும் பகுதி மட்டும் இல்லை. பீரங்கிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிற அந்தப் பகுதியை டரட் என்பார்கள். அண்ணனும் நானும் தலை என்றுதான் சொல்வோம். தலைக்கு உரிய துண்டுகள் இருக்க வேண்டிய சட்டத்தில் வெட்டுத் தடம் மட்டும் இருந்தது. பிய்த்து எடுத்ததல்ல, சுத்தமாக நகவெட்டியால் நறுக்கி எடுத்தது. அண்ணன்தான் எடுத்திருக்க வேண்டும். போகும்போது ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் எனக்கு அவன்மேல் திடீரென்று பிரியம் வந்தது.

இரண்டாவது பெட்டி பிரிட்டிஷ் டாங்கு, செஞ்சூரியன். அதில் தலை முழுசாக இருந்தது. மற்றதெல்லாம் நாசம். இது மேல் பெட்டி, இத்தனை வருஷமாகப் பரணில் தகரக் கூரையை ஒட்டி இருந்திருக்கிறது. உடல், தணலில் வாட்டிய வாழையிலை மாதிரி சுருண்டிருந்தது. சக்கரங்களுக்கு மேல் சுற்றுகிற ரப்பர் சங்கிலிப்பட்டை, தான் கிடந்த இடத்திலெல்லாம் பிளாஸ்டிக்கை உருக்கி, அதோடு ஒட்டிக் கிடந்தது. பிரித்தால் சக்கரமும் சேர்ந்து வந்தது.

இரண்டையும் சாக்கில் போட்டுக் கட்டி வாசலில் வைத்தேன். திங்கட்கிழமை காலையில் பிளாஸ்டிக் எடுக்கிற பெண்கள் வருவார்கள்.

திங்கட்கிழமை காலையில் நானே சாக்கை அவிழ்த்தேன். ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியாது. செஞ்சூரியன் தலையின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, டி-55 உடல் மேல் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய பொருந்துகிற மாதிரி இருந்தது. முழுதாகப் பொருந்தவில்லை. அந்த ‘ஏறக்குறைய’தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் என் பிழைப்பே அதுதான். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் லேபில் நான் பல்செட் செய்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, அக்ரிலிக்கில் ஈறு வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புவது வேலை. இருபத்துமூன்று வருஷத்தில் ஆயிரக்கணக்கான தாடைகள் என் கையில் வந்து போயிருக்கின்றன. ஒருவருடைய முகத்தையும் பார்த்ததில்லை. பொருந்துகிற மாதிரி இருந்து பொருந்தாத ஒன்றைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

அன்றைக்கு ஏழு நாற்பது பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல்தான் அந்த எட்டு மாதமும் இருந்தேன். அம்மா நாலு வருஷம் ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் கிடந்தாள். திருப்பிப் போடுவது, கஞ்சி கொடுப்பது, துடைப்பது, மறுபடி திருப்பிப் போடுவது என்று அந்த மதியங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. அவள் போன பிறகு ஒரு மணியிலிருந்து ஆறு மணிவரை வீட்டில் ஒன்றுமே இருக்காது. எங்கள் சாலையில் அந்த நேரத்தில் ஒரு பைக் கூடப் போகாது. எல்லா வீட்டிலும் இறைச்சிக் கறி தின்றுவிட்டுத் தூங்குவார்கள். நான் நெய்யூர் வரை நடந்து போய், ஆஸ்பத்திரி எதிரில் இருக்கும் கடையில் வேண்டாத எதையாவது வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். ஆஸ்பத்திரி வாசலில் மட்டும்தான் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் இருக்கும்.

அந்த நடையை நிறுத்திவிட்டு மாடியில் உட்கார ஆரம்பித்தேன்.

உடலை ஒட்டுவது கடினமாக இல்லை. பெட்டியில் இருந்த தாளைப் பார்த்து ஒவ்வொரு துண்டாக நறுக்கி ஒட்டினேன். என் கை ஈரம் பசையை ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ ஒன்றைக் கவனித்தேன். எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். “சி ஒன்பது” என்று சொல்லிவிட்டு, யாரோ திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதுபோல ஒரு நொடி நிற்கிறேன். வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு செய்ய முயன்றேன். அது இன்னும் மோசமாக இருந்ததால் மறுபடியும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

தலையின் அடிவளையம் உடலில் இருந்த துளையைவிட இரண்டு மில்லிமீட்டர் பெரிது. சிறிய அளவில் இரண்டு மில்லிமீட்டர் என்பது அதிகம். துளையை அகலப்படுத்தினால் உடலின் ஓரம் உடைந்துவிடும். தலையைத் தேய்த்தால் அதன் வடிவம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம் வேண்டும், கீழே சிறுத்து, மேலே விரிந்து. அதை எப்படிச் செய்வது என்று இரண்டு வாரம் யோசித்தேன். மூன்றாவது வாரம், லேபில் ஒரு கிழவருடைய கீழ்த்தாடைக்கு ஈறு வார்த்துக்கொண்டிருந்தபோது, வழி என் கையிலேயே இருப்பது தெரிந்தது. மிச்சமிருந்த அக்ரிலிக் பொடியை ஒரு காகிதத்தில் பொதிந்து எடுத்துவந்தேன். மெழுகில் வளையம் செய்து, பிளாஸ்டரில் அச்செடுத்து, அக்ரிலிக்கில் வார்த்தேன். அச்சை உடைத்தபோது வளையம் ஈறு நிறத்தில், இளஞ்சிவப்பாக, பச்சை டாங்கு மேல் உட்காரத் தயாராக வெளியே வந்தது. அதைப் பார்த்து நான் தனியாகச் சிரித்தேன்.

பல்செட்டில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே இடிக்கிறது என்று பார்க்க ஒரு நீலத்தாள் உண்டு. நடுவில் வைத்துக் கடித்தால் இடிக்கிற இடத்தில் நீலம் படியும், அந்த இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். அதைத் தலைக்கும் வளையத்துக்கும் நடுவில் வைத்துச் சுற்றினேன். நீலம் பட்ட இடத்தைத் தேய்த்தேன். மறுபடி சுற்றினேன். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் தலை, ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றது.

வளையத்தை உடலோடு ஒட்டும்போதுதான் தப்புச் செய்தேன். அக்ரிலிக்கைக் குழைக்கிற திரவத்தையே பசையாக ஊற்றினேன். பிளாஸ்டிக் அதில் உருகும் என்று தெரியும், இவ்வளவு உருகும் என்று தெரியாது. என் கண் முன்னால் உடலின் மேல்தட்டில் ஒரு பக்கம் பாகுமாதிரிக் குழைந்து உள்ளே இறங்கியது. துணியால் ஒற்றினேன், இழுபட்டு இன்னும் மோசமானது. எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டுக் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன். அம்மா இறந்த அன்றைக்கு வராத அழுகை அன்றைக்கு வந்தது. பிளாஸ்டிக்குக்காக ஒருத்தி இப்படி அழலாமா என்று நினைத்துக்கொண்டே அழுதேன்.

அடுத்த வாரம் அந்த இடத்தை மறைக்க ஒரு யோசனை கிடைத்தது. மெல்லிய தாளைப் பசைத் தண்ணீரில் நனைத்துச் சுருட்டி, கூடாரத்துணிபோல அந்தப் பள்ளத்தின் மேல் கட்டிவைத்தேன். பார்க்கிறவர்களுக்குப் பட்டாளத்துக்காரர்கள் தங்கள் கூடாரத்தைச் சுருட்டிக் கட்டியிருப்பதாகத்தான் தோன்றும்.

இதற்கிடையில் நான் டாங்கு செய்கிற விஷயம் சபையில் எப்படியோ தெரிந்துவிட்டது. லேபில் என்னோடு வேலை செய்கிற பெண் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பக்கத்து வீட்டு மாமி கையைப் பிடித்தாள்.

“மாடியில டேங்கு கெட்டுகியாமே? வெள்ளத்துக்கு அவ்வளவு கஷ்டமா மக்கா? எங்க வீட்டு கிணத்துல எடுக்கலாம்லா?”

விளக்கிச் சொல்லத் தொடங்கினால் எங்கே தொடங்குவது?

“சின்ன டேங்குதான் மாமி” என்றேன்.

“யாரு கெட்டுகா? நல்ல ஆளா?”

“நானேதான்.”

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஒத்தைக்கு இருந்தா எல்லாத்தையும் நாமளே செய்யணும்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வர்ணம் பூசுவது எப்படி என்று தெரியாமல் போனில் தேடினேன். இந்தியாவில் இந்த மாதிரி கிட்டுப் பெட்டிகளை வாங்கி ஒட்டுகிறவர்களுக்கு என்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. என் பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் போட்டுச் சேர்ந்தேன். படம் எதுவும் வைக்கவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்ததல்ல. வேறு எங்கேயும்கூட நான் படம் வைப்பதில்லை.

வர்ணம் பூசாத டாங்கின் படத்தைப் போட்டேன். மூன்று பேர் பாராட்டினார்கள். ஒருவர் இது எந்த நாட்டு டாங்கு என்று கேட்டார். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் மட்டும் நீளமாக எழுதினார்.

“வேலை சுத்தமா இருக்கு ப்ரோ. ஆனா இது ஏன் வந்துச்சுன்னு சொல்லுங்க. இல்லாத டாங்கு செய்யறதுல தப்பில்லைங்க. ஆனா காரணம் வேணும். காரணம் இல்லாட்டி அது வெறும் ஒட்டு வேலைங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் முழுக்க, பஸ்ஸிலும் லேபிலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன காரணம்? ஒரு பெட்டியில் தலை இல்லை, ஒரு பெட்டியில் உடல் இல்லை. அதுதான் காரணம். பிறகு, நிஜத்திலும் அதுவே காரணமாக இருக்கலாமே என்று தோன்றியது. அவருக்கு எழுதினேன். பாலைவனத்தில் ஒரு பட்டாளப் பட்டறை. சண்டையில் அடிபட்ட இரண்டு டாங்குகளை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒன்றுக்குத் தலை போயிருக்கிறது, இன்னொன்றுக்கு உடல். உதிரி பாகம் வர மாசக்கணக்காகும். அங்கே இருக்கிற மெக்கானிக் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடுகிறான். ஓட்டுநர் ரஷ்ய டாங்கிலிருந்து வந்தவன். தலையில் உட்காரும் மூன்று பேரும் பிரிட்டிஷ் டாங்கிலிருந்து வந்தவர்கள். அவர்கள் மூவரும் பழைய கூட்டாளிகள். ஓட்டுநர் முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பான். மேலே அவர்கள் பேசிச் சிரிப்பது காதில் மாட்டிய கருவியில் கேட்கும், ஆனால் அவனுடைய கூட்டாளிகள் யாரும் இப்போது இல்லை.

எழுதி அனுப்பிய பிறகு, அதிகமாக எழுதிவிட்டோமோ என்று பயமாக இருந்தது. பதில் மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போது வந்தது.

“செம ப்ரோ. இப்பதான் இது டாங்கு. அந்த டிரைவர் பாவம்ங்க.”

மார்த்தாண்டம் சேர்வதற்குள் அதை நாலைந்து தடவை படித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் எனக்கு வாத்தியாரைப்போல இருந்தார், ஆனால் நல்ல திட்டுகிற வாத்தியார். படம் அனுப்பினால், பாதிகள் சேர்கிற கோடு தெரிகிறது என்பார். “இதைத் தேய்க்காம வர்ணம் அடிச்சீங்கன்னா கையை ஒடிச்சுப்புடுவேன் ப்ரோ” என்பார். நான் தேய்த்துவிட்டு மறுபடி அனுப்புவேன். “இன்னும் இருக்கு. கண்ணாடி போடுங்க ப்ரோ, வயசாயிருச்சா?” என்பார். என்னோடு யாரும் அப்படிப் பேசி எத்தனையோ வருஷமாகியிருந்தது. லேபில் நான் மூத்தவள், எல்லோரும் அக்கா என்று தள்ளி நின்றுதான் பேசுவார்கள். அவர் திட்டுவதற்காகவே ஒரு தடவை ஒரு கோட்டைத் தேய்க்காமல் படம் அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் நிறத்தை எந்தப் பதத்தில் கரைப்பது என்று கேட்டேன். அவர் ஏதோ திருப்பிக் கேட்டார். என் விரல் பத்திலும் வர்ணம். யோசிக்காமல், முழங்கை முனையால் போனை அழுத்தி, குரலில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். போன பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

அவர் பதில் சாயங்காலம் வந்தது. “சாரி மேடம். ஜென்ட்ஸ்னு நினைச்சுட்டேன். தப்பா ஏதாவது பேசியிருந்தா மன்னிச்சுக்கங்க.”

“நீங்கள் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. எப்போதும்போல் பேசுங்கள்” என்று எழுதினேன்.

“சரிங்க மேடம்” என்றார்.

அவர் நல்ல மனிதர். ஒரு நாளும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை எழுதவில்லை. அதுதான் விஷயம். அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் “சூப்பர் மேடம்” என்று ஒரு வரி வரும். வேண்டுமென்றே பீரங்கிக் குழாயில் கோடு தெரிகிற ஒரு படத்தை அனுப்பிப் பார்த்தேன். அதற்கும் “சூப்பர் மேடம்.” நானே அந்தக் கோட்டைத் தேய்த்து எடுத்தேன்.

வருஷ ஜெபத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்னால் டாங்கு முடிந்தது. மணல் நிறம், ஓரங்களில் துரு, சங்கிலிப்பட்டையில் காய்ந்த சேறு. தலையில் பூசிய மணல் நிறம் மட்டும் கொஞ்சம் வேறு, இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல என்று தெரிகிற அளவுக்கு. மாடி அறை ஜன்னலோரம் மேசையில் வைத்து, அம்மா தலை துவட்டும் மெல்லிய துவர்த்தால் மூடினேன். கட்டிலில் புது விரிப்பு, கீழே பயலுக்குப் பாய், குளியலறையில் புது வாளி, எல்லாம் தயார்.

அண்ணன் மட்டும்தான் வந்தான். அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை, பயலுக்குப் பரீட்சை. நாலு நாள்தான் இருப்பு. முதல் நாள் ஜெபத்திலும் விருந்திலும் உறவுக்காரர்களிலும் போயிற்று. இரண்டாம் நாள் காலையில் நான் தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து கூப்பிட்டான்.

“ஏட்டி, இஞ்ச வா.”

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். துவர்த்து கட்டிலில் கிடந்தது. டாங்கு அவன் கையில் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அதைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது, இருபத்தைந்து வருஷம் கழித்தும் எங்கே பிடித்தால் உடையாது என்று அவன் விரல் மறக்கவில்லை.

“இது நீயா செஞ்ச?”

“ஆமா.”

“கொள்ளாமே!” என்று மெச்சினான். பிறகு புருவத்தைச் சுருக்கினான். “இது டி-55 பாடி. தல செஞ்சூரியனுக்கது. இப்படி ஒண்ணு கிடையாதே.”

“கிடையாது. நான் உண்டாக்கினது.”

தலையை ஒரு விரலால் தள்ளினான். அது சத்தமில்லாமல் சுற்றியது. தலையை மெதுவாகக் கழற்றி உள்ளே பார்த்தான்.

“உள்ள எதுக்கு ரோஸ் கலரு?”

“அது ஈறு.”

“ஈறா?”

“பல்செட்டுக்கு வார்க்க ஈறுல்லா, அதுலதான் வளையம் செஞ்சேன்.”

அவன் கட்டிலில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தான். நானும் சிரித்தேன். அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

“அண்ணா, ரஷ்யன் டாங்குக்க தலை எங்க? நீ போகும்போ கொண்டு போனியா?”

“எந்தத் தலை?”

“அந்தப் பெட்டியில இல்ல. யாரோ வெட்டி எடுத்திருக்கு.”

அவன் உண்மையிலேயே யோசித்தான். “எனக்கு ஓர்மையே இல்ல ஏட்டி. எலி கொண்டு போயிருக்கும்.”

“எலி நகவெட்டி வச்சா வெட்டும்?”

மறுபடி சிரித்தான். “எனக்குத் தெரியாது மக்கா. எத்தன வருஷமாச்சு.”

அந்தத் தலை அங்கே அவன் வீட்டில் ஏதோ ஒரு அலமாரியில் இருப்பதாக நான் இத்தனை மாதம் நினைத்திருந்தேன். வேலை செய்யும்போதெல்லாம், இங்கே உடல், அங்கே தலை என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதை அவனிடம் சொல்லவில்லை. சட்னி பாதியில் கிடக்கிறது என்று கீழே இறங்கி வந்துவிட்டேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மாலையில் அவன் பெட்டி அடுக்கினான். நேந்திரங்காய் வறுத்ததும் முந்திரிக்கொத்தும் பொட்டலம் பொட்டலமாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“அந்த டாங்க எனக்குத் தா ஏட்டி” என்றான், பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமலேயே. “பயலுக்குக் காட்டணும். அவன் கம்ப்யூட்டர்ல எப்பளும் டாங்கு சண்டைதான்.”

“உடைஞ்சிரும்.”

“கையிலயே வச்சுக் கொண்டு போறேன்.”

நான் ஒரு பொட்டலத்தின் வாயைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. அவனும் அதிகம் கேட்டதில்லை.

“வேண்டாம் அண்ணா. இஞ்ச இருக்கட்டு.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “ஒனக்கு எதுக்கு ஏட்டி டாங்கு?”

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எதற்கு என்று எனக்கே தெரியாது.

“நான் செஞ்சதுல்லா” என்றேன்.

“கிட்டு எனக்கதுதானே?” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் சிரிப்பு முழுசாக இல்லை.

“நீ தூரக் களையச் சொன்ன.”

அவன் ஒரு பொட்டலத்தை வாங்கிச் சட்டைகளுக்கு நடுவில் வைத்தான். இன்னொன்றை வாங்கினான். “சரி, சரி. சும்மா கேட்டேன்” என்றான். அதற்குப் பிறகு திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கார் எத்தனை மணிக்கு வரும் என்று பேசினோம்.

மறுநாள் கார் வந்த பிறகு, கிளம்புவதற்கு முன்னால் ஜெபம் செய்தான். அது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா இருந்தபோது அப்பா செய்வார், பிறகு அம்மா செய்தாள். நாங்கள் இரண்டு பேரும் முன்னறையில் எதிரெதிராக நின்றோம். பிரயாணத்துக்காக ஜெபித்தான், வீட்டுக்காக ஜெபித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “தங்கச்சிய ஒத்தைக்கு விட்டுட்டுப் போறேன் ஆண்டவரே, நீர் பார்த்துக்கொள்ளும்” என்றான். நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அவன் கண்ணை இறுக மூடியிருந்தான், நெற்றி சுருங்கியிருந்தது. நாலு நாளில் என்னிடம் ஒரு தடவையும் அவன் அதைச் சொல்லவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்டதில்லை. எனக்கு முன்னால் நின்றுகொண்டு வேறொருவரிடம் சொல்கிறான். ஆமென் என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். கார் போய்விட்டது.

அவன் எப்போது படம் எடுத்தான் என்று தெரியாது. ஊர் போய்ச் சேர்ந்ததும் குடும்பக் குழுவில் டாங்கின் படத்தைப் போட்டு, “தங்கச்சி செஞ்சது” என்று எழுதியிருந்தான். நிறைய கட்டைவிரல்கள் வந்தன. குளச்சலில் இருக்கும் சித்தி ஒருத்தி, “நல்லா இருக்கு, இது எதுக்குள்ளதாக்கும்?” என்று கேட்டாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சோறு வடிக்கிற நேரத்துக்கு அவன் போன் வருகிறது. சுகமா என்று கேட்கிறான், மழை உண்டா என்று கேட்கிறான். டாங்கைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அவனுக்குக் கோபம் ஒன்றும் இல்லை என்று தெரியும், மறந்திருப்பான். சில நாள் நானே அந்தப் பேச்சை எடுக்கலாமா என்று வாய்வரை வருகிறது. இப்போது அவன் மறுபடி கேட்டால் ஒருவேளை கொடுத்துவிடுவேன். பஞ்சில் பொதிந்து, பெட்டியில் வைத்து, யாராவது அந்தப் பக்கம் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பலாம். அவன் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் மாடிக்குப் போய், துவர்த்தை எடுத்துவிட்டு, மெல்லிய பிரஷால் அதன்மேல் படிந்திருக்கும் தூசியைத் தட்டிவிட்டு வருகிறேன்.